அப்படியே சொல்லு, அப்பா!

சேர்வராயன் மலையில் மாரமங்கலத்துப் பக்கம் மாலை ஆறு மணி ஆகிவிட்டால் உலகம் மிகவும் சிறியதாகிவிடும். பகலெல்லாம் கண்ணெதிரே நின்ற காப்பித் தோட்டமும், அதற்கு நிழல் கொடுக்கும் உயர்ந்த மரங்களும், அவற்றைத் தழுவிக் கொண்டு ஏறும் மிளகுக் கொடிகளும் மூடுபனியில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து போகும். மின்சார விளக்கு உண்டு. ஆனால் மழையும் காற்றும் சேர்ந்து வரும் இரவுகளில் அது நமக்கு முன்பாகவே உறங்கப் போய்விடும். பிறகு மீதியிருப்பவை ஒரு மெழுகுவத்தி, ஒரு கம்பளி, ஒரு குழந்தை. குழந்தை இருக்குமிடத்தில் கதை கேட்காமல் விடுமா?

பள்ளிக்கூட உபாத்தியாயருக்குக் கதை சொல்லுவது வெகு சுலபம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பகலில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லுவது வேறு. இரவில் ஒரே ஒரு பெண்ணுக்குச் சொல்லுவது வேறு. நாற்பது பேரில் ஒருவன் தூங்கிப் போனால் மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிக் கொண்டே போகலாம். ஒற்றைக் குழந்தை கண்ணை அகல விழித்து, "அப்புறம்?" என்று கேட்டால், அந்த அப்புறத்துக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். சர்வகலாசாலையில் வாங்கிய பட்டம் எதுவும் அச்சமயத்தில் துணைக்கு வருவதில்லை.

என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பும் வழியில் சாலை ஓரமாகக் காட்டெருமை ஒன்று நின்றது. ஏற்காட்டுக்கு வந்து போகிறவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். மலையின் ஒரு துண்டுக்குக் கால் முளைத்து விட்டதோ என்று தோன்றும்படியான கறுத்த உடம்பு. நாலு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே மட்டும் காலுறை மாட்டினாற்போல வெளுப்பு. அது தோட்டத்துக்குள் இறங்கிப் போகும் வரையில் மூச்சை அடக்கிக் கொண்டு நின்றோம். அன்றிரவு கேள்வி பிறந்தது: "அப்பா, அதுக்கு யார் வெள்ளை ஸாக்ஸ் போட்டுவிட்டது?"

எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருட்டில், கம்பளிக்குள், ஆறு வயதுக் குழந்தையிடம் அந்த உண்மை செல்லுபடியாகாது. ஆகவே ஒரு கதையைக் கட்டினேன்.

முன்னொரு காலத்தில் காட்டெருமை கொம்பு முதல் குளம்பு வரை ஒரே கறுப்பாயிருந்தது. இரவில் நடக்கும்போது தன் கால் எங்கேயிருக்கிறது என்று அதற்கே தெரியாது. ஆகையால் தினம் ஒரு தடவையாவது தன் காலைத் தானே மிதித்துக் கொண்டு, "யாரடா என் காலை மிதித்தவன்?" என்று காடு அதிரும்படி சண்டைக்குப் போகும். பங்குனி மாதத்தில் ஒரு நாள் கோடை மழை கொட்டிற்று. அதன் பிறகு சில தினங்களில் காப்பிச் செடிகளெல்லாம் ஒன்றாகப் பூத்து, மலை முழுவதும் மல்லிகைக் கடை போல் மணந்தது. அன்றிரவு காட்டெருமை ஓடையில் இறங்கி உடம்பெல்லாம் நனைந்து, ஈரத்தோடு தோட்டத்துக்குள் புகுந்தது. கொம்பிலே பூ, முதுகிலே பூ, வயிற்றிலே பூ, காலிலே பூ! வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. முதல் தும்மலில் கொம்பிலிருந்த பூ உதிர்ந்தது. இரண்டாவது தும்மலில் முதுகுப் பூ உதிர்ந்தது. மூன்றாவது தும்மலில் வயிற்றுப் பூ உதிர்ந்தது. அதற்குள் தும்மலுக்கே களைப்பு வந்து, முழங்காலுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. காலில் ஒட்டிய பூ மட்டும் ஒட்டியபடியே இருந்து போயிற்று. அன்று முதல் காட்டெருமை தன் காலைத் தான் மிதிப்பதில்லை.

கதை அவ்வளவுதான். இலக்கிய விமரிசகர்களின் அபிப்பிராயத்துக்கு இதை நான் அனுப்பப் போவதில்லை. ஆனால் கடுமையான விமரிசகர் ஒருவர் வீட்டிலேயே இருந்தார் என்பது மறுநாள் தெரிந்தது. அதே கதையைச் சொல்லும்போது, பள்ளிக்கூட வேலையின் அலுப்பில், இரண்டு தும்மலோடு நிறுத்திவிட்டேன். தூங்கிப் போனதாக நான் நினைத்த பெண் எழுந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டில்லை, மூணு! வயித்துப் பூ எங்கே போச்சு? நேத்துச் சொன்னாயே, அப்படியே சொல்லு, அப்பா!"

அந்த இரவில்தான் வேறொரு பெண் குழந்தை என் ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் இப்படித்தான். 'எப்பி' என்பது வீட்டில் அவளுக்குச் செல்லப் பெயர். முழுப் பெயர் ஜோஸபைன். அவளுடைய தகப்பனார் இரவில் சொன்ன கதைகளில் ஒரு வார்த்தை மாறினாலும், விட்டுப்போன வாக்கியத்தை அவள் எழுந்து எடுத்து வைப்பாளாம். பகலில் சொல்லுகிற கதைகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். தூங்க வைக்கும் கதைகள் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அந்தச் சட்டத்தையே தகப்பனார் தமது புஸ்தகத்துக்குப் பெயராக வைத்தார். 'ஜஸ்ட் ஸோ' கதைகள் என்று உலகமெங்கும் குழந்தைகள் படிக்கும் புஸ்தகம் அது. அதை எழுதியவர் ரட்யார்ட் கிப்ளிங்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள் என்று அறிவேன். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. நான் சேலத்திலிருந்து அந்தப் புஸ்தகத்தை வாங்கி வந்த சமயம் பெரியப்பா எங்களோடு தங்கியிருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். 1942-ம் வருஷப் போராட்டத்தில் அவருடைய தகப்பனார் சிறைக்குப் போனபோது இவர் கைக்குழந்தை. தகப்பனார் திரும்பி வந்தபோது இவர் நடக்கத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்ற மெலிந்த மனிதரைப் பார்த்துப் பயந்து, ஓடித் தாயாரின் பின்னால் ஒளிந்து கொண்டாராம். அதைப் பெரியப்பா சிரித்துக் கொண்டுதான் சொல்லுவார்.

புஸ்தகத்தின் அட்டையைப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "இவன் யார் தெரியுமாப்பா உனக்கு?" என்றார். "தெரியும், பெரியப்பா." "தெரிந்துமா குழந்தை கையில் கொடுத்திருக்கிறாய்? டயருக்குப் பணம் கொடுத்தவன் இவன்!"

அது வாஸ்தவம். 1919-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக்கில் நிராயுதபாணிகளான ஜனங்களைச் சுட்டு வீழ்த்திய டயர், வேலையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, அவனுக்காக 1920-ல் லண்டன் பத்திரிகை ஒன்று நிதி திரட்டிற்று. கிப்ளிங் அதற்குப் பத்துப் பவுன் அனுப்பினார். அதற்கு முன்பே, 1899-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பிற நாட்டு ஜனங்களை அடக்கி ஆளுவது வெள்ளையர் தலையில் ஏற்றப்பட்ட பாரம் என்று பாட்டு வெளியிட்டவரும் அவரே. நம் தேசத்தார் தம்மைத் தாமே ஆண்டு கொள்ளத் தகுதியுள்ளவர்கள் என்று அவர் கடைசி வரை ஒப்புக் கொண்டதில்லை. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

"கதை நன்றாயிருந்தால் சொல்லிக் கொள். பேரை மட்டும் சொல்லாதே" என்று பெரியப்பா கடைசியில் ஒரு ராஜிக்கு வந்தார். அந்த ராஜியைப் பற்றி நான் பல நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இந்தக் கதைகளின் பின்னால் பெயர் சொல்லப்படாத ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள் என்பது புலப்பட்டது.

கிப்ளிங் பிறந்தது 1865-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, பம்பாயில். தகப்பனார் லாக்வுட் கிப்ளிங் அங்கே ஜீஜீபாய் சித்திரக் கலாசாலையில் ஆசிரியர். துரைமார் வீட்டுக் குழந்தைகளைப் போல இந்தப் பிள்ளையும் வேலைக்காரர்கள் கையில் வளர்ந்தான். ரோமன் கத்தோலிக்க ஆயா ஒருத்தி. மீட்டா என்ற ஹிந்து வேலைக்காரர் ஒருவர். ஆயா வழியோரச் சிலுவையின் முன்னால் நின்று ஜபம் செய்யும்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்பான். மீட்டாவின் கையைப் பிடித்துக் கொண்டு சிறு கோவில்களுக்குள் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாமியைப் பார்ப்பான். கடற்கரையில் பார்ஸிகள் அஸ்தமன சூரியனைத் தொழுவதற்காக நீரில் இறங்கி நிற்பதைப் பார்ப்பான். நடுப்பகல் வெயிலில், தூங்கப் போகுமுன், அந்த இருவரில் ஒருவர் கதை சொல்லுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். பிறகு பிள்ளைக்கு நல்ல உடை உடுத்தி, "இனிமேல் அப்பா அம்மாவிடம் இங்கிலீஷில் பேசு" என்று எச்சரித்து உள்ளே அனுப்புவார்கள். அவன் நினைத்ததும் கனவு கண்டதும் ஹிந்துஸ்தானியில். இங்கிலீஷ் அதிலிருந்து தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்துப் பேசப்பட்ட பாஷை. இவற்றையெல்லாம் அவரே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் 1936-ல் காலமானார். மறு வருஷம் அது வெளிவந்தது.

அந்தச் சுயசரிதையில் மீட்டாவுக்குப் பெயர் இருக்கிறது. ஆயாவுக்கு இல்லை. அவள் வெறும் 'ஆயா' தான்.

1871-ல், ஆறு வயது நிறைவதற்கு முன்பே, பிள்ளையையும் மூன்று வயதுத் தங்கையையும் பெற்றோர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு போய், ஸவுத்ஸீ என்ற ஊரில் பணம் வாங்கிக் கொண்டு குழந்தைகளை வளர்க்கும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, முன்கூட்டிச் சொல்லாமலே திரும்பிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் அடியும் வசவும். 1877-ல் தாயார் வந்துதான் மீட்டார். கதை கேட்டுத் தூங்கிய குழந்தை திடீரென்று கதையற்ற வீட்டில் விடப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் குழந்தை வளர்க்கிற யாருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை.

அவர் மறுபடியும் நம் தேசத்துக்கு வந்து லாகூரிலும் அலகாபாத்திலும் பத்திரிகை உத்தியோகம் பார்த்ததும், கதாசிரியராகப் பேர் பெற்றதும் அநேகர் அறிந்தவை. 1892-ல் அமெரிக்கப் பெண் ஒருத்தியை மணந்து கொண்டு, அந்தத் தேசத்தின் வடகிழக்கில் வெர்மாண்ட் என்ற மாகாணத்தில் குடியேறினார். அதே வருஷம் டிசம்பர் 29-ந் தேதி இரவு, வெளியே மூன்றடி உயரத்துக்குப் பனி குவிந்திருக்க, அந்தச் சிறு வீட்டில் ஜோஸபைன் பிறந்தாள். அந்தக் குளிர் காலத்திலேயே அவர் எழுதத் தொடங்கியதுதான் ஓநாய்கள் வளர்த்த மௌக்லியின் கதை. ஜன்னலுக்கு வெளியே பனி. காகிதத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காடு. அந்தக் காட்டை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது என்கிறார்கள். ஆனால் புலிக்கு ஷேர்கான், கரடிக்கு பாலூ, கருஞ்சிறுத்தைக்கு பகீரா என்று அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள். பம்பாய் வீட்டின் பின்கட்டுப் பாஷை அது. பிற்பாடு அங்கே கட்டிக் கொண்ட புதிய வீட்டுக்கும் 'நௌலகா' என்றுதான் பெயரிட்டார்.

1894-ல் 'ஜங்கிள் புக்' வெளிவந்தது. அதன் முதற்பதிப்புப் பிரதி ஒன்று, இங்கிலாந்தில் அவருடைய இரண்டாவது மகள் எல்ஸி வாழ்ந்த வீட்டில் இருந்தது 2010-ல் தெரிய வந்தது. அதில், இந்தப் புஸ்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஜோஸபைனுக்கே உரியது என்று தகப்பனார் தம் கையால் எழுதி, 1894 மே என்று குறித்திருக்கிறார். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது கூட ஆகவில்லை. படிக்கத் தெரியாத குழந்தைக்குப் புஸ்தகத்தை எழுதி வைத்துக் காத்திருப்பதில் தகப்பன்மார்களுக்கு எவ்வளவு அவசரம்!

அவள் வளர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கியபோது பிறந்தவை 'ஜஸ்ட் ஸோ' கதைகள். திமிங்கிலத்தின் தொண்டை ஏன் சிறிதாயிற்று, ஒட்டகத்துக்குத் திமில் எப்படி வந்தது, காண்டாமிருகத்தின் தோல் ஏன் மடிப்பு மடிப்பாயிருக்கிறது? இம்மூன்று கதைகளும் 1897-ம் வருஷக் கடைசியிலும் 1898-ம் வருஷத் தொடக்கத்திலும் ஓர் அமெரிக்கக் குழந்தைப் பத்திரிகையில் வெளியாயின. அணிலின் முதுகில் ராமர் தடவிய விரல்தான் மூன்று கோடுகளாயிற்று என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஜாதிக் கதை புதிதல்ல. காண்டாமிருகக் கதையில் தலையில் பளபளக்கும் தொப்பியோடு ஒரு பார்ஸி வருகிறார். செங்கடல் கரையோரமுள்ள ஒரு தீவில் அடுப்பு மூட்டிப் பணியாரம் சுடுகிறார். காண்டாமிருகம் அதைத் திருடித் தின்றுவிடுகிறது. பிறகு அது தோலைச் சட்டை போலக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன சமயம், பார்ஸி அந்தத் தோலுக்குள் பணியாரத் துணுக்குகளை நிரப்பிவிடுகிறார். அதை மாட்டிக் கொண்ட மிருகம் அரிப்புத் தாங்காமல் உருண்டு புரண்டதில் தோல் மடிந்து போயிற்று! இந்த இடத்தில் என் பெண் தன் முதுகைத் தானே சொறிந்து கொள்ளுவாள். செங்கடல் தீவுக்கு ஒரு பார்ஸி எப்படி வந்து சேர்ந்தார் என்று இங்கிலீஷ்காரக் குழந்தைகள் திகைத்திருக்கலாம். பம்பாய்க் கடற்கரையில் ஆயாவின் பக்கத்தில் நின்ற குழந்தையை நினைத்துக் கொண்டால் நமக்குத் திகைப்பு இல்லை.

அந்த நாட்களில் ஜோஸபைனோடு விளையாடிய உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஆஞ்ஜலா தர்க்கல் என்பவர், பிற்காலத்தில் தாமும் நாவலாசிரியையானார். அச்சில் படிக்கும்போது அந்தக் கதைகள் பாதி ருசி கூட இல்லை. தங்குதடையில்லாத அந்தக் கனத்த குரலில் கேட்க வேண்டும் என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார். எந்த வீட்டுக் கதைக்கும் இது பொருந்தும். என் தாயார் சொன்ன கதைகளை நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் அவை உப்பில்லாத கஞ்சியாயிருந்தன.

1899-ம் வருஷம் பிப்ரவரி மாதம் குடும்பம் முழுவதும் கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கடலில் கடுங்குளிர், குழந்தைகளுக்கு ஜலதோஷமும் இருமலும். நகரத்தில் இறங்கிய சில நாட்களில் கிப்ளிங்குக்கே நிமோனியா ஜுரம் கண்டு, உயிருக்கு ஆபத்தான நிலை. ஹோட்டல் வாசலில் ஜனங்கள் கூடி நின்றார்கள். பத்திரிகைகள் அவருடைய உடல்நிலையைத் தினந்தோறும் அச்சிட்டன. ஜெர்மனிச் சக்கரவர்த்தியிடமிருந்து கூடத் தந்தி வந்தது. அதே சமயம் ஜோஸபைனுக்கும் ஜுரம் முற்றிற்று. அவளை ஒரு சிநேகிதியின் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மார்ச்சு மாதம் 6-ந் தேதி அவள் இறந்து போனாள். வயது ஆறு. தகப்பனார் தாங்கமாட்டார் என்று தாயார் அந்தச் செய்தியைத் தம் நெஞ்சுக்குள் அடக்கிக் கொண்டு, அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும் வரையில் படுக்கையருகில் சாதாரணமாய் நடமாடினார்.

மேலே சொன்ன அந்த 'வெள்ளையர் பாரம்' என்ற பாட்டு அச்சில் வெளிவந்தது அதே பிப்ரவரியில்தான். இரண்டு விஷயங்களும் ஒரே மாதக் கணக்கில் நிற்பதை நான் முதன்முதலாகக் கவனித்தபோது புஸ்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். இதில் தெய்வத்தின் தீர்ப்பு ஏதேனும் உண்டு என்று சொல்லுகிறவர்கள் உண்டானால், அவர்களோடு எனக்கு ஸம்பந்தமில்லை. ஆறு வயதுக் குழந்தை எந்தப் பாட்டுக்கும் ஜவாப்தாரி அல்ல.

கிப்ளிங் அதன் பிறகு அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. இங்கிலாந்தில் அவருடைய வீட்டில் கதவு திறந்தால், சாப்பாட்டு மேஜையில் ஓர் இடம் காலியாயிருந்தால், தோட்டத்தின் பசிய நிழல்களில், எங்கே பார்த்தாலும் அந்தக் குழந்தை அவர் கண்ணுக்குத் தெரிந்தாள் என்று லாக்வுட் கிப்ளிங் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1902-ல், மூன்று வருஷம் கழித்து, கதைகளையெல்லாம் சேர்த்துத் தாமே படங்களும் வரைந்து வெளியிட்டார். கேட்டவள் போன பிறகு வந்த புஸ்தகம் அது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு கதைகள். ஆதிகாலத்துக் குகை மனிதன் டெகுமாய். அவனுடைய சின்னப் பெண் டாஃபி. இருவரும் வாகாய் என்ற ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள். (பெயர் நம் வைகையின் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கும்.) ஈட்டி முறிந்து போகிறது. வேறு ஈட்டி அனுப்பும்படி வீட்டிலுள்ள தாயாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்; எழுத்து என்பது இன்னும் உலகத்தில் பிறக்கவில்லை. பாஷை தெரியாத வழிப்போக்கன் ஒருவனிடம் மரப்பட்டையில் படம் வரைந்து கொடுத்தனுப்புகிறாள் பெண். படத்தைப் பார்த்த தாயார், இந்த அந்நியன்தான் தன் புருஷனை ஈட்டியால் குத்திவிட்டான் என்று அர்த்தம் செய்து கொள்ளுகிறாள். பாவம், வழிப்போக்கனுக்குக் கிடைத்த பூசையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த கதையில் தகப்பனும் பெண்ணும் உட்கார்ந்து, படத்துக்குப் பதிலாகச் சப்தங்களுக்கு அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். "ஆ" என்று வாய் பிளந்த மீனின் முகம் ஓர் எழுத்து. மீனின் வால் ஓர் எழுத்து. "ஓ" என்று குவிந்த வாய்க்கு ஒரு முட்டை. சீறுகிற பாம்புக்கு அதன் நெளிவே எழுத்து. சாயங்காலத்துக்குள் அரிச்சுவடியில் பாதி தயாராகிவிடுகிறது. அகர முதல எழுத்தெல்லாம் இப்படி ஒரு தகப்பனும் ஒரு பெண்ணும் விளையாடிப் பிறந்தவை என்ற கற்பனையைவிட உபாத்தியாயர்களுக்கு ருசிக்கக் கூடியது வேறென்ன இருக்கிறது? நான் இதை வகுப்பிலே சொல்லி, நம் எழுத்துக்களுக்குப் புதிய உருவம் கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் மலையாளிப் பிள்ளைகள். கேரள தேசத்தார் அல்லர். காஞ்சீபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு, மூத்தவர் இந்தச் சேர்வராயன் மலைக்கும் மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று தம் வரலாற்றைச் சொல்லிக் கொள்ளும் மலைக் குடிகள். "ம" வுக்கு ஒருவன் அசை போடும் மாட்டின் மூடிய வாயைப் போட்டான். "க" வுக்குக் காகத்தின் மூக்கு. "ழ" விடம் வந்ததும் எல்லோரும் திண்டாடினார்கள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் கூரை நுனியிலிருந்து மழை வழிவது போல் நெளிந்த கோடு ஒன்று இழுத்தாள். மழைக்கு "ழ" வேண்டுமல்லவா என்றாள். நான் சும்மா இருந்தேன்; சொல்ல ஒன்றுமில்லை.

அந்த டாஃபி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கதைக்குப் பின்னால் ஒரு பாட்டு இருக்கிறது. அதில் பெண் எங்கோ வெகு தூரத்துக்குப் போய்விடுகிறாள். தகப்பன் பின்னால் தன்னந்தனியாக வருகிறான். அந்தப் பாட்டை நான் என் பெண்ணுக்குப் படித்துக் காட்டியதில்லை. பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அவள் அதைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

குழந்தைக்காகக் கட்டிய கதை பிற்பாடு உலகத்துக்குச் சொந்தமாவது கிப்ளிங்கோடு நின்றுவிடவில்லை. ரவீந்திரநாத தாகூர் தம் பேத்தி புப்பேக்கு, வெறும் வார்த்தைகளாலேயே செய்யப்பட்ட ஓர் ஆளைப் பற்றிச் சொன்ன கதைகள் 1937-ல் அவருடைய சித்திரங்களோடு புஸ்தகமாயின. அதே பம்பாயில் 1947-ல் பிறந்த ஸல்மான் ருஷ்டி, உயிருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த காலத்தில், தம் மகன் ஸபருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு கதைக் கடலைப் பற்றி எழுதி 1990-ல் வெளியிட்டார். ஸ்வீடன் தேசத்தில் 1941-ல் சுரத்தில் படுத்திருந்த சிறு பெண் ஒருத்தி ஒரு வேடிக்கைப் பெயரைச் சொல்லி, அதற்குக் கதை சொல்லும்படி தாயாரைக் கேட்டாள். தாயார் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் சொன்னதுதான் 1945-ல் வெளிவந்த பிப்பியின் கதை. அந்தப் பெண்ணுக்கு உடம்பு தேறிவிட்டது என்பதை இங்கே ஒரு திருப்தியுடன் குறிப்பிடுகிறேன்.

இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். ஆயாவின் சமாசாரத்தையும் சொன்னேன். "பேரைச் சொல்லாதே என்றீர்கள். அவன் பேரையும் சொல்லுகிறேன், பத்துப் பவுன் கொடுத்ததையும் குழந்தைக்கு விவரம் தெரிகிற வயதில் சொல்லுகிறேன். ஆனால் அவனுக்குக் கதை சொல்லிக் கொடுத்தவள் பேரை நான் எங்கே போய்த் தேட?" என்றேன்.

பெரியப்பா வெகு நேரம் பேசாமல் இருந்தார். "அந்த ஆயாவுக்குக் குழந்தை குட்டி இருந்ததோ என்னவோ" என்றார் கடைசியில். "இருந்தால், துரை வீட்டுப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, தன் பிள்ளைக்குச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்திருக்குமா?" அவர் மனம் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஊருக்குத் திரும்பும் நாளன்று கூட அந்தப் புஸ்தகத்தின் மேல் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைக்க மறுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

அவருடைய கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் ஒத்தாசைக்கு வருகிற மலையாளிப் பாட்டி ஒருவர் இருக்கிறார். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தோட்ட வேலைக்குப் போவார். மற்ற நாட்களில் நானும் என் மனைவியும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வரையில் என் பெண் அவரோடுதான். அவர் என்ன கதை சொல்லுகிறார் என்று நான் அதுவரை விசாரித்ததே இல்லை. பெயர் மட்டும் தெரியும். அதையும் என் பெண்தான் சொன்னாள்.

சென்ற வாரம் இரவு, காட்டெருமைக் கதை மறுபடியும் வேண்டும் என்றாள். சொன்னேன். மூன்றாவது தும்மல் வந்து வயிற்றுப் பூ உதிர்ந்து, தும்மல் களைத்துப் போயிற்று என்று முடிக்கும் சமயம் தடுத்தாள்.

"மூணு இல்லை, அப்பா, நாலு."

"நீதானே மூன்று என்று சண்டை பிடித்தாய்?"

"பாட்டிகிட்டச் சொன்னேன். பாட்டிதான் நாலுன்னாங்க."

"நாலாவது தும்மல் வந்திருந்தால் காலிலிருக்கிற பூவும் உதிர்ந்திருக்குமே!"

"இன்னும் வரலை. அதுக்குத்தான் அது ரோட்டுல நம்மைப் பார்த்தா மூக்கைத் தூக்கிக்கிட்டு அப்படியே நிக்குது. தும்மல் வருமா வருமான்னு பார்க்குது" என்று சொல்லிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக் கொண்டாள். "முதல்லேருந்து சொல்லு, அப்பா. பாட்டி சொன்ன மாதிரி, அப்படியே."

முதலிலிருந்து சொன்னேன்.